கடைசியாக உட்கொண்ட நேரம்

காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுகிய தெருவில், பட்டுக்கடைகளின் பின்வாசல்களுக்கு எதிரே ஒரு காபித்தூள் கடை இருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகளாக அதில் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்பவர் வீரபாகு. முதலாளி சிவராஜ். ஆனால் ஊரார் வாயில் அது ‘வீரபாகு கடை’தான்.

வீரபாகு இந்த ஊரைத் தெருப் பெயர்களைக் காட்டிலும் கலவை விகிதங்களால் அறிந்து வைத்திருந்தார். எண்பது இருபது வீடு, எழுபது முப்பது வீடு, அறுபது நாற்பது வீடு. முதல் எண் காபி, அடுத்தது சிக்கரி. ஒரு வீட்டில் தறி நின்றுவிட்டால் அக்கம்பக்கத்தாருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மாதப் பிறப்பில் வரும் பெண்மணி குரலைத் தாழ்த்தி, “இந்தத் தடவ சிக்கரிய கொஞ்சம் தூக்கலா போடுங்கண்ணா” என்பார். ஏன் என்று வீரபாகு கேட்டதில்லை. மெஷினின் இரைச்சலுக்குள் அந்த வாக்கியம் அரைபட்டுப் போக விட்டுவிடுவார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. காபியால் உடலுக்கு உண்டாகும் நன்மைகளைப் பற்றி நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் வந்த குறிப்புகளை அவர் வெட்டி ஒட்டிவந்த கோப்பு அது. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் வரிசை எண், தேதி. ஈரலுக்கு நல்லது, ஞாபக மறதியைத் தள்ளிப்போடும், சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று மொத்தம் நூற்றுப் பதினான்கு தாள்கள். காபிக்கு எதிராக எழுதப்பட்டவற்றை அவர் வெட்டவில்லை. அவை பொய் என்று அவர் நினைக்கவில்லை. காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு அவற்றை எதற்காக வெட்ட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

“இன்னா காபி டாக்டரே, இன்னைக்கு எந்த வியாதிக்கு மருந்து?” என்று பட்டுக்கடைச் சிப்பந்தி ஒருவர் தினமும் வம்பிழுப்பார்.

“ஈரலுக்கு. அறுபத்திரண்டாம் நம்பர் தாளு. படிக்கட்டுமா?”

“ஈரல் கெடக்கட்டும்பா. பொண்டாட்டி கத்தறதுக்கு எதுனா போட்டிருக்கானா பாரு.”

“அதுக்கு வெறும் சிக்கரிதான்.”

அவருடைய மனைவி பெருந்தேவி கத்துகிறவர் அல்லர். பிள்ளையார்பாளையத்து வீட்டின் முன்னறையில் ராட்டையின் முன் அமர்ந்து, புடவையின் குறுக்கிழையான ஊடைக்குப் பட்டு நூலைத் தார்க் குழலில் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயது, ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. காலையில் காபி தவறினால் பத்து மணிக்குள் தலைவலி வந்துவிடும். ஒரே மகள் ஜீவிதா ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்துவந்தாள். தை மாதத்தில் அவளுக்குத் திருமணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

2023 பங்குனியில் பெருந்தேவிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கியது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட நாளில் முதுகு வரை இழுத்துப் பிடிக்கும். வீரபாகு கோப்பைப் புரட்டினார். எழுபத்தொன்பதாம் தாளில், காபி குடிப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் குறைவாக வருகிறது என்று நான்கு வரிக் குறிப்பு இருந்தது. வராமல் தடுப்பது வேறு, வந்ததைக் கரைப்பது வேறு என்று அந்த நான்கு வரியும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மாலையில் ஒரு டம்ளர் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். ஆனியில் வலி தாளாமல் ஸ்கேன் எடுத்தபோது, பித்தப்பையில் கற்கள் கூழாங்கல் போல நிரம்பிக் கிடந்தன. அறுவைச் சிகிச்சைதான் வழி என்றார்கள்.

ஆடியில் கொடுத்த தேதி, சர்க்கரை அளவு ஏறியிருந்ததால் தள்ளிப்போனது. ஆவணியில் கொடுத்த தேதி, இருமல் இருந்ததால் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் பெருந்தேவி துணிப்பையில் இரண்டு புடவை, சீப்பு, ஒரு துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போய், அவற்றைப் பிரிக்காமலே திரும்பினார். மூன்றாவது தேதி அக்டோபர் ஏழு. அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

“பெருமாள் நாள் பாத்துத்தான் குடுத்திருக்காரு” என்றார் பெருந்தேவி.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் வரதராஜப் பெருமாளுக்கு விரதம் இருப்பவர். அந்த வீட்டில் விரதத்துக்குச் சட்டம் ஒன்றே: உப்புப் பட்டால் விரதம் முறியும். பால், பழம், காபி ஆகியவற்றில் உப்பு இல்லை. ஆகவே அவற்றால் விரதத்துக்குப் பழுதில்லை. காலையில் அரை டம்ளர் காபி, நடுப்பகலில் தளிகை போட்டுப் படைத்த பிறகு சாப்பாடு. மாமியார் காலத்திலிருந்து, முப்பது ஆண்டுகளாக இதுவே வழக்கம். அந்த அரை டம்ளரைக் குடித்த வயிற்றை அவர்கள் எல்லோரும் ‘வெறும் வயிறு’ என்றே சொல்லி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை மருத்துவமனையில் சேர்த்தார்கள். செவிலியர் கட்டிலுக்கு வந்து சொன்னார்: “ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு இட்லி. அவ்ளோதான். காலையில வெறும் வயித்தோட இருக்கணும்மா.”

“நாளைக்கு எனக்குச் சனிக்கெழம விரதம்மா. நீங்க சொல்லலன்னாலும் வெறும் வயிறுதான்.”

செவிலியர் சிரித்துவிட்டார். “அப்ப உங்களப்பத்திக் கவலையே இல்ல.”

இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். இருவரும் திருப்தியோடு பிரிந்தார்கள். பக்கத்தில் நின்ற வீரபாகுவும் தலையாட்டினார்.

பெண்கள் பகுதியில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் அவர் வீட்டுக்குப் போய்விட்டு, காலை ஐந்தரைக்கு பிளாஸ்க்கோடு வந்தார். மனைவிக்காக மட்டும் ஒன்பது பங்கு கொட்டையும் ஒரு பங்கு சிக்கரியுமாக அரைத்து வைத்திருந்த தூள். பெருந்தேவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தல இடிக்கிதுங்க. கொஞ்சம் ஊத்துங்க.”

“விரத அளவா, முழுசா?”

“இன்னா கேள்வி இது? அரைதான்.”

அரை டம்ளர், பாலும் சர்க்கரையும் போட்டது. ஊதி ஊதிக் குடித்துவிட்டு டம்ளரைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். “இன்னைக்கு வாகா எறங்கியிருக்குது டிகாக்‌ஷன்” என்றார். அவர் குடித்த கடைசிக் காபி அது. யாரும் அப்போது அதை அவ்வாறு குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

எட்டேகாலுக்கு அறுவை அரங்கத்துக்கு வெளியே இருந்த கூடத்தில் அவர்களை உட்கார வைத்தார்கள். பச்சை அங்கியில் பெருந்தேவி சுருங்கிப் போனவராகத் தெரிந்தார். அவருக்கு முன்னால் பட்டியலில் இருந்தவர் வாலாஜாபாத்திலிருந்து குடலிறக்கத்துக்காக வந்த முதியவர். அரங்கத்தின் கதவு திறந்தது. அந்த முதியவர் அங்கியோடு திரும்பி வந்தார். பின்னாலேயே அவருடைய மகன் புலம்பிக்கொண்டு வந்தார்.

“ஒரு வாய் காபி சார், ஒரே ஒரு வாய். கேட்டாங்கோன்னு இந்த மனுசன் அரிச்சந்திரனாட்டம் சொல்லிட்டாரு. இன்னைக்குக் கெடையாது, புதன்கெழம வான்னு அனுப்பிட்டாங்க. புதன்கெழம எனக்கு எவன் லீவு குடுப்பான்?”

முதியவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

வீரபாகுவின் காலடியில் இருந்த துணிப்பையில் பிளாஸ்க்கின் மூடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் துண்டால் மூடினார். பிறகு எழுந்தார்.

பெருந்தேவி அவர் மணிக்கட்டைப் பற்றினார். நாள் முழுவதும் நூலை இழுத்துப் பழகிய விரல்கள். பிடி இறுக்கமாக இருந்தது.

“எங்க போறீங்க?”

“சொல்லிட்டு வந்துடறேன், தேவி. காபியும் கூடாதாமே.”

“சொல்லாதீங்க.”

“அது இல்லம்மா…”

“ரெண்டு தடவ பையத் தூக்கிக்கினு திரும்பி வந்தேன். ஏழு மாசமா நான் படறது எனக்குத்தான் தெரியும். தையில பொண்ணக் கல்யாண மேடையில வெச்சிக்கினு வயித்தப் புடிச்சிக்கினு சுருண்டு கெடக்கணுமா நானு? அரை டம்ளருங்க. விரதத்துக்கே ஆவும், இதுக்கு ஆவாதா? உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார்.

பெருந்தேவியின் பிடி மட்டும்தான் அவரை உட்கார வைத்தது என்று சொல்வது நியாயமாகாது. நாற்பத்தோராம் தாள் அவர் நினைவுக்கு வந்தது: ‘காபி செரிமானத்தைத் தூண்டுகிறது, குடலின் இயக்கத்தை விரைவுபடுத்துகிறது.’ ஐந்தரைக்குக் குடித்தது. இப்போது எட்டே முக்கால். இந்நேரம் இறங்கிக் கரைந்திருக்கும். காபியாகையால் மற்றதைவிட விரைவாகவே கரைந்திருக்கும். முப்பது ஆண்டுகள் ஊருக்குப் படித்துக் காட்டிய வரியை அன்று அவர் தமக்குத்தாமே படித்துக்கொண்டார். தவிர, அவ்வளவு பேருக்கு நடுவில், பிளாஸ்க்கைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று எழுந்து சொல்வதற்கு அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது.

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் ஓர் இளம் பெண். அட்டையில் செருகிய படிவத்தோடு வெளியே வந்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: “நீங்கதான் வீட்டுக்காரரா? அம்மா காலையில எதாவது எடுத்துக்கிட்டாங்களா? தண்ணி, பால், காபி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

காபி என்ற சொல்லையும் சேர்த்தே அவர் கேட்டார். அதனால் புரியாமல் சொன்ன பதில் என்று பின்னால் எவரும், வீரபாகுவுமேகூட, சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

“இல்ல டாக்டர். விரதம்.”

‘கடைசியாக உட்கொண்ட நேரம்’ என்ற கட்டத்தில் ‘நேற்று இரவு 8.00’ என்று மருத்துவர் எழுதினார். அதற்குக் கீழே வீரபாகு கையெழுத்திட்டார். தள்ளு நாற்காலியில் உள்ளே போகும்போது பெருந்தேவி திரும்பிப் பார்த்து, பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி கையைக் காட்டினார்.

ஒன்பது நாற்பதுக்குக் கதவு வேகமாகத் திறந்தது. அதே மருத்துவர். முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடந்தது.

“உண்மையச் சொல்லுங்க. என்ன குடிச்சாங்க?”

“காபி.”

“எவ்வளவு? எப்ப?”

“அர டம்ளரு. பால் போட்டது. அஞ்சரைக்கு.”

மருத்துவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று வீரபாகு பின்னாளில் பலமுறை நினைத்ததுண்டு. “மயக்கம் குடுக்கும்போது வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிடுச்சு. சுகர் இருக்கிறவங்களுக்கு வயிறு மெதுவாத்தான் காலியாகும், ஐயா. அதனாலதான் ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு, பழைய நேரத்தை ஒரே கோட்டால் அடித்து, கீழே புதிதாக எழுதி உள்ளே ஓடினார்.

ஜீவிதா இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்து சேர்ந்தபோது, தாய் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தார். பதினொரு நாட்கள். அந்நாட்களில் வீரபாகு கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தீவிரப் பிரிவில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் அனுமதி. போய் நின்று பார்ப்பார். ஐந்தாம் நாள் நுரையீரலில் சீழ் வைத்தது. எட்டாம் நாள் சிறுநீரகம் மந்தமானது. அக்டோபர் பதினெட்டாம் தேதி காலை எட்டு இருபதுக்கு உயிர் பிரிந்தது. அறுவைச் சிகிச்சை நடக்கவே இல்லை. ஏழு மாதமாக வதைத்த கற்கள் அவரோடே எரிந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஜீவிதா மருத்துவமனையிலிருந்து சிகிச்சைப் பதிவேட்டின் நகலை வாங்கி வந்தாள். மருத்துவமனை மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று மாமன்கள் தூண்டிவிட்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தாளாகப் படித்தாள். அடித்துத் திருத்திய கட்டத்துக்கு வந்ததும் விரலை அதன் மேல் வைத்தாள்.

“இது உன் கையெழுத்துதானே?”

“ஆமாம்மா.”

“கேட்டிருக்காங்க. காபி குடிச்சாங்களான்னு கேட்டேன்னு கூட எழுதி வெச்சிருக்காங்க. நீ இல்லன்னு சொல்லியிருக்க.”

“ஆமா.”

“ஏம்பா?”

வீரபாகுவின் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது. சொல்லாதீங்க என்று உன் அம்மாதான் சொன்னாள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பாதிப் பாரம் இறங்கிவிடும். ஆனால் அந்தப் பாதி எங்கே போய் இறங்கும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். தாயை இழந்தவள், அந்தத் தாய் தானே தேடிக்கொண்ட முடிவு இது என்பதையும், அதுவும் தன் கல்யாணத்துக்காக என்பதையும் சேர்த்துச் சுமக்க வேண்டிவரும்.

“செரிச்சிருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

“காபி டாக்டரு” என்றாள் ஜீவிதா. அவள் குரல் உயரவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள். புகார் கொடுக்கவில்லை. வீட்டில் கிடந்த நீலக் கோப்பை மட்டும் கடைக்குத் திருப்பி அனுப்பினாள். பெருந்தேவிக்கு வலி வந்த நாட்களில் வீரபாகுவே வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தது அது. உள்ளே ஒரு தாளையும் அவள் கிழித்திருக்கவில்லை. வீரபாகு அந்தத் திருத்திய பக்கத்தைப் படியெடுத்து, சிவப்பு மையில் நூற்றுப் பதினைந்து என்று எண்ணிட்டு, தேதி போட்டுக் கடைசியில் ஒட்டினார்.

கார்த்திகையில் அவர் மீண்டும் கடைக்குப் போனார். பட்டுக்கடைச் சிப்பந்தி வம்பிழுப்பதை நிறுத்தியிருந்தார். காசை வைத்துவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் எழுபது முப்பது வீட்டுப் பெண் ஒருத்தி வந்து கால் கிலோ கேட்டாள்.

“சீக்கிரம் அரைங்கண்ணா. நாளைக்கு மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேசன். காலையில பிளாஸ்க்குல எடுத்துக்கினு போவணும்.”

வீரபாகு மெஷினை நிறுத்தினார். “யாருக்கு?”

“அவருக்குத்தான். காபி இல்லன்னா எழுந்துக்கவே மாட்டாரு.”

“குடுக்கக்கூடாதும்மா. அவங்க சொல்ற நேரத்துக்கு மேல ஒரு சொட்டுகூட ஆவாது.”

“வெறும் வயிறுன்னுதான் சொன்னாங்க. காபி இன்னாண்ணா பண்ணும்? விரதத்துக்கே குடிக்கிறோம்.”

“அது சாமிக்கும்மா. சாமி பொறுத்துக்கும்.” அவர் தூளை அரைத்து, பொட்டலம் கட்டி, அதன் மேல் அவள் வீட்டுப் பெயரை எழுதி, தமக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தார். “ஆபரேசன் முடிஞ்சப்பறம் வந்து வாங்கிக்கினு போ.”

“இன்னா மனுசன்பா இவரு!” என்று அவள் முதலாளியைப் பார்த்தாள். சிவராஜ் கண்ணால் கெஞ்சி அவளை அனுப்பிவிட்டு, “அண்ணே, வியாபாரத்தக் கெடுக்காதீங்கண்ணே. அவ எதிர்க்கடையில வாங்கிக்கினு போவப் போறா” என்றார்.

“போவட்டும். சொல்லிட்டேன் இல்ல.”

பொட்டலம் பன்னிரண்டு நாட்கள் அலமாரியில் இருந்தது. அவள் வரவில்லை. எதிர்க்கடையில் வாங்கினாளா, மாமனாருக்கு என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. பதின்மூன்றாம் நாள், மணம் போய்விட்டது என்று சிவராஜ் அதைக் கொட்டிவிட்டார்.

தை மாதக் கல்யாணம் நிற்கவில்லை. தாய் பேசி முடித்தது என்று மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதித்தார்கள். மண்டபத்தில் சமையல்காரரிடம் ஜீவிதாவே பட்டியல் கொடுத்திருந்தாள். விடிகாலையில் வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தார்கள்.

“காபிக் கடைக்காரரு வூட்டுக் கல்யாணத்துல டீயா? கொல்லன் வூட்ல ஊசி இல்லாத கதையால்ல இருக்குது” என்று மாப்பிள்ளையின் பெரியப்பா உரக்கச் சிரித்தார்.

“பொண்ணு இஷ்டங்க” என்றார் வீரபாகு. ஒரு டம்ளர் டீ வாங்கி, அவரும் நின்றபடி குடித்தார்.

மாலையில் பெண்ணை அனுப்பும் நேரம். கார் வந்துவிட்டது. ஜீவிதா காலில் விழுந்து எழுந்தாள். மூன்று மாதத்தில் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அன்னைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி அம்மா எதுனா சொன்னாங்களாப்பா?”

அவருடைய கை மணிக்கட்டுக்குப் போகாமல் வேட்டி மடிப்பைப் பற்றிக்கொண்டது.

“இல்லம்மா” என்றார் வீரபாகு. “பையப் பாத்துக்கச் சொன்னா. அவ்ளோதான்.”